ஏழால் பெருக்கச் சொன்னவர்

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வாய்தான் எதிரி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதலில் வந்த வரன் தட்டிப்போனதே அந்த வாயால்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் வயது வித்தியாசம் பார்க்கும்போது கழித்தலில் தப்புவிட, அத்தை உள்ளேயிருந்தே திருத்திவிட்டாள். அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

அதனால் ஸ்ரீரங்கத்து வரன் உறையூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு வாயத் தொறந்தே, அவ்வளவுதான்." மாப்பிள்ளை காலேஜில் கணக்கு வாத்தியார். இந்த இடமும் கைவிட்டுப் போகக்கூடாது என்று அம்மா வெக்காளியம்மனை வேண்டிக்கொண்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் வித்தை காட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அதில் 142857 என்ற எண் வட்டமாக எழுதியிருந்தது. இரண்டிலிருந்து ஆறுவரை எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசையில், வேறோர் இடத்தில் தொடங்கி வரும். ராட்டினத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி, யார் உச்சிக்கு வந்தாலும் பக்கத்து ஆள் மாறுவதில்லை. ஏழு மட்டும் வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தாள். ஏழரைச் சனி சமாசாரமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை, "மூணு" என்றார்.

"நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு, ஒண்ணு!"

அவர் சரிபார்க்கக்கூட இல்லை. "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அத்தை."

அவர் உள்அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஏழால பெருக்கு பாப்போம்" என்றார்.

சிலேட்டை எப்படித் திருப்பினாலும் விடை வரவில்லை. "ஏழு கூடாதுங்க. சனி பிடிக்கும்" என்றேன். கூடமே சிரித்தது. நான் ஓவென்று அழுதேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது. "ஒம்போது லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது! ஆறும் ஒம்போதுதான். கொழந்தைய ஏங்க அழ வைக்கிறீங்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, என் சிலேட்டால் அத்தையின் கல்யாணமே போச்சு என்று நான் கொல்லைக்கு ஓடித் துவைகல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வந்தவர்கள் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

தை மாதம் கல்யாணம் நடந்தது. சனீஸ்வரன் அன்றைக்குப் பார்க்கத் தவறிவிட்டார், தப்பித்தோம் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கு வாத்தியார், விடை தெரியாமலா கதவைப் பார்த்துக்கொண்டு ஏழால் பெருக்கச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு இன்னும் பத்து வருடம் பிடித்தது.