வளைவு தொலையாத வரைபடம்

என் கணவர் கட்டாருக்குப் போன பிறகு வந்த இரண்டாவது பெரும்போக நெற்பருவத்தில்தான் அந்த வரைபட வேலை என்னிடம் வந்தது. இறக்காமத்துப் பக்கம், வட்டை என்று நாங்கள் சொல்லும் ஒரு வயல்வெளியில் நெல் செய்பவர்கள் கேட்டார்கள். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள், யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்பதைப் போனிலேயே பார்க்க ஓர் இணையத்தளம் வேண்டுமாம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்து இப்படியான வேலைகள் செய்பவள் நான்.

உடனே ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வட்டைக்குள்தான் என் கணவரின் வயலும் கிடக்கிறது. அவர் இறக்காமத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வழக்கப்படி என் வீட்டுக்கு வந்தவர். வயலை மட்டும் அவரால் கடற்கரைக்குக் கொண்டுவர முடியவில்லை. இப்போது அதை அவருடைய அண்ணன் செய்கிறார்; காக்கா என்போம்.

வரைபடம் முடிந்ததும் லிங்கை முதலில் என் கணவருக்குத்தான் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே அழைத்தார்.

"வட்டம் சுத்திட்டே இரிக்கி புள்ள. ஒண்டும் வருகுதில்ல."

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மச்சான்."

"பொறுத்துத்தான் பாத்தன். குளிச்சிட்டு வந்தும் பாத்தன். அப்பவும் சுத்துது."

அவருடைய தொழிலாளர் தங்குமிடம் நகரத்துக்கு வெளியே மணற்காட்டின் ஓரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டோடு கதைப்பார்கள். இணையம் தவழும். என்னுடைய வரைபடமோ பாரமானது. ஒரு வாய்க்காலைக் கணினி கோடாக வைத்திருப்பதில்லை. அது திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி, புள்ளிக்கு இரண்டு நீண்ட எண்கள். வட்டை முழுவதற்கும் வரம்புகளும் வாய்க்கால்களும் சேர்ந்தால் எண்கள் மூட்டை மூட்டையாகிவிடும்.

புள்ளிகளைக் குறைத்தேன். இதற்கென்று கருவிகள் இருக்கின்றன. முக்கியமில்லை என்று அவை நினைக்கும் திருப்பங்களை எடுத்துவிடும். கோப்பு இளைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு வரைபடம் திறந்தது. நான் சந்தோஷமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், தெரியிதா?"

"தெரியிது. நம்மட வளைவு எங்க?"

எங்கள் வயலுக்குச் சற்று முன்னால் அந்த வாய்க்கால் மருத மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பும். கல்யாணமான புதிதில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் அங்கேதான் நிறுத்தினார். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். என்ன கதைத்தோம் என்று இப்போது நினைவில்லை. தண்ணீர் குளிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். அளவுகோல் வைத்துக் கீறியதுபோல ஒரு நேர்கோடு போனது.

"அத நான் திரும்பப் போடுறன்" என்றேன்.

"போட்டா மறுகாவும் திறபடாதே?"

"அதுக்கும் வழி பாக்கிறன்."

புள்ளிகளைப் பழையபடி போட்டுவிட்டு, தரவை அனுப்பும் சேர்வரைக் கிளறத் தொடங்கினேன். போனில் உள்ள பிரவுசர் ஒரு கோப்பைக் கேட்கும்போதே, சுருக்கி அனுப்பினால் எனக்கு விரிக்கத் தெரியும் என்றும் சேர்த்துச் சொல்லும். சேர்வர் அதைப் பார்த்துச் சுருக்கி அனுப்பலாம். போனுக்குப் போனதும் அது ஓர் எண்கூடக் குறையாமல் விரிந்துகொள்ளும். வரைபடத் தரவு இதற்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு வயலுக்கும் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் அக்கம்பக்கத்து வயல்கள் என்பதால் எண்களின் முன்பகுதியும் ஒன்றுதான்.

என் சேர்வரில் சுருக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது, எழுத்துப் பக்கங்களுக்கு மட்டும். எந்தெந்த வகைக் கோப்பைச் சுருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் வரியில் வரைபடத் தரவின் வகை இல்லை. அதனால் அதை முழுப் பாரத்தோடும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வகையைச் சேர்த்தேன். சேர்வரை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். வழியில் வந்தது சிறு பொட்டலம். திரையில் விரிந்தது முழு வட்டை. வளைவும் அதன் இடத்தில் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமையில்லை. ஆனாலும் செய்தி அனுப்பினேன். பகல் சாப்பாட்டு இடைவேளையில் அழைத்தார்.

"வந்திட்டு" என்றார். பிறகு விரலால் நகர்த்திக்கொண்டே போனார் போல. "இது காக்கா தண்ணி திறக்கிற வக்கடை... இது பெரிய வாய்க்கால்... ஓம், இந்தா திரும்புது." அதற்குப் பிறகு வேலைக்கு அழைக்கும் மணி கேட்டது. போனை வைக்காமலே நடந்தார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கொஞ்ச நேரம் என் காதில் இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கேட்டார். மருத மரத்தைப் போடு. வாடியைப் போடு. வாடி என்பது வயலோரத்தில் காவலுக்குக் கட்டிய சிறு குடில். அவரே தடி வெட்டிக் கட்டியது. நான் பஸ்ஸில் இறக்காமம் போய், போனைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியிலும் வாடி வாசலிலும் நின்று இடங்களைக் குறித்தேன். தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை சிரித்தார்.

"தண்ணிப் படத்தில மரம் என்னத்துக்கு மகள்?"

"தூரத்தில இரிக்கிற ஆளுக்கு அடையாளத்துக்கு."

வட்டவிதானையின் மகளும் தூரத்தில்தான் இருந்தாள், குவைத்தில்.

நெல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் இருந்தபோது யானைகள் இறங்கின. பயிருக்குப் பெரிதாகச் சேதமில்லை. ஆனால் வாடியைச் சாய்த்து மிதித்துவிட்டுப் போயிருந்தன. காக்கா எனக்குத்தான் சொன்னார். "தம்பிக்கிட்ட நீங்களே சொல்லுங்க புள்ள. எனக்கு ஏலாது."

நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். காக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு தரம் விசாரித்தார்.

"படத்தில இருந்து வாடிய எடுத்திடவா மச்சான்?"

"எடுக்காத. நான் வந்து கட்டுவன்."

"எப்ப வருவீங்க?"

"இந்த வேல முடியட்டும். இன்ஷா அல்லாஹ்."

அந்த வேலை முடிந்தது. உடனே அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள், லீவு தள்ளிப்போனது. அறுவடைக்கு மெஷின் இறங்கிய நாளில் நான் வரம்பில் நின்று படமெடுத்து அனுப்பினேன். வாடி இருந்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது. வரைபடத்தில் அந்தச் சின்னக் கூரை அடையாளம் இன்னும் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள், அங்கே ஒன்றுமில்லையே என்று எழுதுகிறார்கள். கட்டப்போகிறோம் என்று பதில் எழுதுகிறேன்.

இந்த மாரியில் முதல் மழை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். குசினியின் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவருக்குக் கேட்கட்டும் என்று போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதா?"

"என்னது?"

"மழை."

"ஒண்டும் கேக்குதில்ல புள்ள. நீ கதைக்கிறதுதான் கேக்குது."

இந்த அழைப்புகளில் மனிதக் குரலைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று எடுத்துவிடப்படும். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துபோனது. அழைப்பை வைத்துவிட்டு, மழையைத் தனியாகப் பதிவுசெய்தேன். இடையில் ஒரு காகம் கத்தியது. அதையும் வெட்டவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மழை விட்டு, நான் முற்றத்தில் தேங்கிய தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வரி வந்தது.

"பக்கத்துக் கட்டில்காரனும் கேட்டான். இன்னும் கொஞ்சம் நீளமா எடுத்து அனுப்பு."