முள்ளெடுக்கத் தெரியாத கை

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிக்கு அப்பால் தர்மபுரம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டியும் சைக்கிளுமாகப் போய் இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவிலேயே தங்க இடமும் அமைந்தது. குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கணவனும் மனைவியும் மட்டும். சுத்த சைவம். அந்த வீட்டு அம்மா பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. தெருவில் மீன்காரரின் சத்தம் கேட்டால் படலையைச் சாத்திவிடுவார். மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்கு இப்படியொரு வீடு வாய்த்ததை நினைத்து நானே சிரித்துக்கொள்வேன். சனிக்கிழமைகளில் கிளிநொச்சிக் கடையில் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏலக்காயை மென்றபடி நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவேன்.

என் வகுப்பில் பாதிப் பேர், எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். தாயும் தகப்பனும் விடியுமுன்னே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். இரண்டாம் பாடத்திலேயே தலைகள் மேசையில் சாயத் தொடங்கும். அவர்களில் ஒரு சிறுமி கிணற்றடிவரை போய்வந்தாலே மூச்சு வாங்குவாள். யாரும் பார்க்காத நேரம் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்பாள். அவள் தாயைக் கண்டபோது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லைப் போலிருக்கிறது என்றேன். அந்தத் தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார். இங்க வந்தப்புறம் புள்ள நல்லா கலரா வருது, பாருங்க!"

இரத்தம் வற்றிப் பிள்ளை வெளிறிப்போவதை, நிறம் வருகிறதென்று எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தார். 

சில நாட்களில் காலைப் பிரார்த்தனையின்போது அந்தச் சிறுமி மயங்கி விழுந்துவிட்டாள். வீட்டுக்காரரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. இதற்கு மேலும் இரத்தம் குறைந்தால் இருதயம் தாங்காது என்று சொல்லி, பூச்சிக்குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார். ஆனால் குளிசையை விழுங்கின கையோடு பிள்ளை வாந்தி எடுத்தாள். எங்கள் பகுதி மருத்துவிச்சி ஒருநாள் பின்னேரம் என்னைத் தேடி வந்தார்.

"வெறுவயித்திலை குளிசை நிக்காது மாஸ்ரர். மத்தியானத்திலையாவது சோறும் மீனும் குடுங்கோ. இரணைமடுக் குளத்துச் சின்ன மீனே போதும். மற்றப் பிள்ளையளும் அப்பிடித்தான் வெளிறிப்போய்க் கிடக்குதுகள்."

அரிசிக்கு வழி செய்துவிடலாம். சின்ன மீனும் மலிவுதான். எங்கே சமைப்பது? பள்ளிக்கூடம் பிள்ளையார் கோயில் வளவில் இருந்தது. அங்கே மீன் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். பிள்ளைகளின் குடிசைகளோ காட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து இதைத்தான் நானும் மருத்துவிச்சியும் கதைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த வீட்டு அம்மா எழுந்து பின்முற்றத்துக்குப் போய்விட்டார். சைவ வீட்டில் இருந்துகொண்டு மீன் கதை கதைத்தது அவருக்குப் பிடிக்கவில்லையென்று நினைத்தேன்.

மறுநாள் முதலாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. தெருவில் மீன்காரரின் சத்தம். வழக்கம்போலச் சாத்தப்பட வேண்டிய படலை அன்றைக்குத் திறந்தது. அம்மா ஒரு மண்சட்டியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி நின்றார்.

"சின்ன மீனாத் தாங்கோ. வெட்டியும் தாங்கோ, எனக்கு வெட்டத் தெரியாது."

எங்கள் தலைமையாசிரியர் வெற்றிலையை மெல்வதை மறந்து வாயைத் திறந்தபடி நின்றார்.

பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அம்மா சமைத்தார். ருசி பார்க்க அவரால் முடியாது. அந்தப் பதவி எனக்கு வந்தது. உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு என்று பெரிய சமையற்காரன் மாதிரி நானும் தீர்ப்புச் சொன்னேன். மத்தியானம் பிள்ளைகள் படலையடியில் வந்து நின்றுவிட்டார்கள். கூலிக்கு வரும் அவர்களுடைய தாய் தகப்பன் நிற்கிற எல்லை அதுதான்.

"என்ன அங்கை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ!" என்றார் அம்மா.

எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அந்தச் சிறுமி மட்டும் மீனை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எப்போதோ முள்ளுச் சிக்கின பயம். யாருக்காக இத்தனை பாடோ, அவளே தின்னமாட்டேன் என்கிறாள். நான் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றேன். தள்ளி நின்ற அம்மா முந்தானையை இறக்கிவிட்டு அவள் முன்னால் குந்தினார்.

"எனக்கும் முள்ளெடுக்கத் தெரியாது பிள்ளை. எப்பிடியெண்டு சொல்லு."

"முதுகுப் பக்கமா பிச்சு, நடு முள்ள மெதுவா இழுக்கணுங்கம்மா."

"இப்பிடியோ?"

"ஆமாங்கம்மா."

 குமட்டி வந்ததை அவர் ஒருமுறை விழுங்கிக்கொண்டார். முள்ளை எடுத்து, இன்னும் ஏதும் இருக்கிறதோ என்று சதையை விரலால் தடவிப் பார்த்து, சோற்றோடு சேர்த்துக் குழைத்து அவள் வாயில் வைத்தார். பிள்ளை மென்று விழுங்கினாள். 

பிறகு பள்ளி நாளெல்லாம் இதேதான். சோற்றுக்குப் பிறகு விழுங்கிய குளிசையும் பிள்ளைக்கு வயிற்றில் நின்றது. சமைத்துக் கொடுத்து முடிய, கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் சாமி விளக்கை ஏற்றுவார். மாரி மழை பிடித்து முற்றத்து அடுப்பு நனைந்தது. இனி நின்றுபோகும் என்றிருந்தேன். அவரோ சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள், தன் சைவ அடுப்புக்கே போனார். அவர் கணவரும் விறகை நனையாமல் எடுத்து உள்ளே வைத்தார். ஊரில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள்.

"சாமி கோபிக்காதோ அம்மா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கோபிச்சா என்னோடை கோபிக்கட்டும் தம்பி. பிள்ளையளோடை என்ன கோவம்?"

அறுவடைக் காலத்தில் அந்தச் சிறுமியின் இமையைப் பார்த்த டாக்டருக்கு நம்ப முடியவில்லை, நல்ல சிவப்பு. மூச்சு வாங்காமல் ஓடி ஓடித் தாச்சி விளையாடினாள். அம்மாவோ கடைசிவரை ஒரு துண்டு மீன் தின்றவரில்லை. தன் சைவத்தை ஒருநாளும் விடாத ஒருவர் யாரோ பெற்ற பிள்ளைக்காக மீன் முள்ளெடுக்கப் பழகினாரே, பக்தி என்ற சொல்லை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் எனக்கு அதுதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.