ஒரு சாண் கடல்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்று மாடியையும் கிரானைட் படியையும் பார்த்து மலைத்துவிட்டு, முன்னறைக்குள் வந்ததும் குழம்பிப்போவார்கள். பளபளக்கிற அறையில் ஒரு சுவர் மட்டும் பழைய சுண்ணாம்புச் சுவர். அதில் பாய்மரக் கப்பல்கள் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டுக்கொண்டிருக்கும். வீடு கட்டிய இன்ஜினியர் அதை இடித்தே ஆகவேண்டும் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இராஜாக்கமங்கலத்துக்கும் களியக்காவிளைக்கும் ஐஸ் லாரி ஓட்டி, பிறகு அந்த லாரிகளுக்கே முதலாளி ஆனவன். படித்தவர் சொன்னார் என்பதற்காக எதையும் இடிக்கிற ஆள் இல்லை. "சுவரு நிக்கும். வீட்டத் திருப்பிக் கெட்டும்" என்றேன். திருப்பித்தான் கட்டினார்.

அந்தச் சுவரில் வரைந்தது என் அப்பா. சிறு வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனதால் அவர் கடலுக்குப் போகவில்லை. கரையேற்றிய வள்ளங்களைச் சுரண்டி, கீல் பூசி, பெயிண்ட் அடித்து, பெயரும் சிலுவையும் எழுதுவது அவர் தொழில். மிஞ்சிய பெயிண்ட் வீட்டுக்கு வரும். அது அத்தனையும் சுவருக்குப் போகும். பங்குச்சாமியாரின் பங்களாவில் எப்போதோ ஒரு கப்பல் சண்டைப் படம் பார்த்திருக்கிறார். எந்த நாட்டுக்காரனோடு எந்த நாட்டுக்காரன் சண்டை போட்டான் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அலை வந்து மோதும்போது வள்ளம் எப்படிச் சரியும் என்று தெரியும். பீரங்கிப் புகைக்கு மண்ணெண்ணெய் விளக்கின் கரியைக் குழைத்துத் தடவுவார். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சண்டை மறைந்துவிடும். புது வருடம் பிறந்து பெயிண்ட் மிஞ்சியதும் அடுத்த சண்டை தொடங்கும்.

கட்சி பிரிப்பது என் வேலை. சிவப்புக் கொடி நம்முடையது, நீலக் கொடி எதிராளியுடையது. பார்க்க வருகிற பையன்களிடம் ஆளுக்கொரு கை புளியங்கொட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவேன். வியாபாரம் எனக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை.

அப்படி ஒரு வருடச் சண்டையில் நீலக் கொடிக் கப்பல் பாதி முங்கிவிட்டது. தண்ணீரில் தலைகள் மிதந்தன, சில கைகள் மட்டும் மேலே தெரிந்தன. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போதுதான் அக்காவைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லாம் பொன் பேச்சு எடுத்ததும் எழுந்து போனவர்கள். பொன் கேட்காமல் வந்த முதல் வீடு இது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொந்த வள்ளம் இருந்தது. போன மழைக்காலத்தில் அதில் போன மூத்த மகன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. உடல் கிடைக்காததால் அடக்கமும் நடக்கவில்லை. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"முங்குத கப்பலுக்க முன்னயா அந்த மனுசன இருத்தப் போறிய? வெள்ளையடிச்சிருங்க" என்றாள் அம்மா.

"நாளைக்கு வாறாங்க. சுவரு உணங்காது. துணியத் தூக்கிப் போடு" என்றார் அப்பா.

அம்மா தன் கல்யாணச் சேலையை எடுத்து ஆணியில் கட்டிச் சுவரை மூடினாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அக்கா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தைக்காரி வாய் சும்மா இருக்காதவள்.

"பட்டுச் சேலைய வீட்டுக்குள்ளயா உணக்கப் போடுவிய மயினி? வெளிய போட்டா காக்கா கொத்துமோ?"

"ஒண்ணுமில்ல. சுவரு பொரிஞ்சி அசிங்கமா கெடக்கு, அதான்" என்றாள் அம்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஊரே பார்க்கிற படத்தை அசிங்கம் என்றால் யார்தான் பொறுப்பார்கள்? ஓடிப்போய்ச் சேலையை இழுத்தேன். கிழிந்து ஆணியோடு வந்தது.

"சுவரு ஒண்ணும் பொரியல்ல. எங்கப்பா வரஞ்ச சண்ட. இது நம்ம கப்பலு. அது முங்கப் போவுது. ஒருத்தன் பொழைக்க மாட்டான்."

மாப்பிள்ளையின் அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து சுவரருகே போய்க் குனிந்து நின்றார். மிதந்த தலைகளில் ஒன்றை விரலால் தொட்டார்.

"இவனுவள ஆரும் திரும்பிப் பாக்கல்லியா?"

"சண்ட நடக்குதுல்லா" என்றார் அப்பா.

"ம்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியேறினார். அத்தைக்காரியும் பின்னால் போனாள்.

அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்கா வந்து சேலையை மடித்தாள். கிழிந்த இடத்தை உள்பக்கமாக வைத்து மடித்தாள்.

"சாயா ஆறிப் போச்சி. நீ குடி மக்கா" என்றாள். நான் குடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அப்பா சுவரின் முன் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை. மாலையில் பார்த்தால், இரண்டு பெரிய கப்பல்களுக்கும் நடுவே, புகைக்குக் கீழே, நம் ஊர் வள்ளம் ஒன்று வந்திருந்தது. அடியில் கீல் பூசிய, ஒட்டுப்போட்ட பழைய வள்ளம். அதில் ஒருவன் நமக்கு முதுகு காட்டித் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான். வள்ளம் அந்தத் தலைகளை நோக்கிப் போனது.

"எப்பா, அவனுவ எதிராளில்லா. அவனுவள ஏன் தூக்கணும்?"

"வெளிச்சத்த மறைக்காதல" என்றார்.

சண்டை கெட்டுப்போயிற்று என்று பையன்களிடம் சொன்னேன். வாங்கிய புளியங்கொட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெயிண்ட் உணங்கியதும் அப்பா காலை இழுத்துக்கொண்டு கடற்கரை வழியாகவே நடந்துபோய் மாப்பிள்ளையின் அப்பாவைக் கூட்டிவந்தார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. வந்தவர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள்.

"வள்ளம் போய்ச் சேருமா?" என்று கேட்டார்.

"சேரும்."

"காத்து எதிரால்லா இருக்கு."

"தெரிஞ்சிதான் எறங்கியிருக்கான். சேரும்."

அவர் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளைய ஒரு சாயா கொண்டாரச் சொல்லும், சம்மந்தி."

அக்கா அந்த வீட்டுக்கு வாழப் போனாள். அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு மற்ற மூன்று சுவர்களுக்கும் வெள்ளையடித்த அப்பா, இந்தச் சுவரைத் தொடவில்லை. அதன்பிறகு வேறு சண்டையும் வரையவில்லை.

சம்மந்தி வந்துபோன மறுநாள் காலையில், வள்ளம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கை வைத்து அளந்தேன். வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்கும் முதல் தலைக்கும் நடுவே ஒரு சாண். அடுத்த நாளும் அளந்தேன். அதே ஒரு சாண். இன்று என் கையை விரித்தால் வள்ளமும் அந்தத் தலையும் அதற்குள் அடங்கிவிடும். அன்று சின்னக் கை. சேரும் என்று அப்பா பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் அதற்கு எட்டியது.