அத்தானின் மெடல்களும் நான் அனுப்பாத மனுவும்

அத்தான் தன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தது ஒரு நகைக்கடைப் பையில். என்றோ நாகர்கோவிலில் அக்காவுக்குக் கம்மல் வாங்கியபோது கொடுத்த பை. அதற்குள் கழுவிக் காயவைத்த பால் கவர், பால் கவருக்குள் புத்தகம். பட்டாளத்திலிருந்து அனுப்பிவைக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்களே, அதுதான். எப்போது சேர்ந்தார், எங்கே இருந்தார், என்ன மெடல் வாங்கினார், எல்லாம் அதில் இருக்கும். மெடல் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். ஒன்பது வருஷச் சேவைக்கான மெடல் என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வெறும் கோடுகள். "இங்க இன்னும் ரெண்டு வரணும் மக்கா. எழுதாம விட்டுட்டானுவ. நீ எழுத்துக்காரியில்லா, நீ ஒரு மனு எழுதுனா நடக்கும்" என்றார். நான் புத்தகத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நம்பாத முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அத்தான் என்றால் என் மூத்த அக்காளின் கணவர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் சமையல்காரர். பெண் கேட்டு வந்தபோது தரகர் ‘மிலிட்டரி’ என்று மட்டும்தான் சொன்னார். சமையல் வேலை என்பது கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் எங்கள் அப்பாவுக்குத் தெரியவந்தது. "துப்பாக்கி பிடிக்கவன்னுல்லா நெனச்சேன். இவன் அகப்பை பிடிக்கவன்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னதை எங்கள் வீடு கடைசிவரை விடவில்லை. லீவில் வரும்போதெல்லாம் அத்தான் பனிமலைக் கதை சொல்வார். சியாச்சினில் ஐந்து மாதம் இருந்தாராம். வேறொரு படைப்பிரிவுக்குச் சமைக்க ஆளில்லை என்று இவரை இரவல் கொடுத்தார்களாம். அங்கே முட்டையைச் சுத்தியலால் அடித்தால்தான் உடையுமாம். ஒரு பாத்திரம் தண்ணீருக்கு ஐஸை வெட்டி ஒரு மணி நேரம் உருக்க வேண்டுமாம். மண்ணெண்ணெய் அடுப்புக் கரி தொண்டைக்குள் போய் எல்லோரும் கறுப்பாகத் துப்புவார்களாம். அக்கா பார்சலில் அனுப்பிய கருப்பட்டியைப் போட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தபோது ஆறடிப் பஞ்சாபிக்காரன் ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுதானாம். "அந்தச் சுத்தியல் எங்க அத்தான், கொண்டு வரலியா?" என்று நான் கேட்பேன். வீடே சிரிக்கும். "நம்பாட்டா போ மக்கா" என்று அவரும் சிரிப்பார்.

பிறகு நான் அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போனேன். சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜை. ஓய்வு பெறும்வரை அதே மேஜைதான் என்று சொன்னாலும் தப்பில்லை. பொய்க் கையெழுத்து, பொய் முத்திரை, இருக்கிற அப்பாவை இல்லை என்று சொல்லி வந்தவர்கள், இப்படி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பேப்பர்ல உண்டா? இல்லேன்னா போயிட்டு வாங்க." இதுதான் நான் தினமும் சொன்ன வார்த்தை. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன, நன்றாகவே சுகம் இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சுதந்திர தினத்தன்று காலை ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் கொடி ஏற்றியதும், சபையிலுள்ள பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு கொடிக்கம்பத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். போதகர் ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும், அவர் வாங்கிய மெடல்களையும் வாசிப்பார். நாங்கள் கைதட்டுவோம். அந்தத் தாளை எழுதுவது சபைச் செயலர். அதுவரை அவரவர் வாயால் சொன்னதைத்தான் எழுதினார்கள். நான் செயலரானதும், எனக்கென்ன கேடு வந்ததோ, இனிமேல் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் தாளில் வரும் என்று சட்டம் போட்டேன். எல்லோரும் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். அத்தானுடையதை அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். ஒரு மெடல். ஒன்று என்றே எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் வழக்கம்போல மூன்று மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். சேவை மெடல் அவருக்குக் கொடுத்தது. மற்ற இரண்டும், உயர்மலை மெடலும் சியாச்சின் மெடலும், ஊருக்கு வருமுன் பட்டாளச் சாமான் கடையில் அவரே வாங்கியவை. தனக்கு உரியவை, எப்படியும் எழுதி வரும் என்ற நம்பிக்கை. போதகர் ஒரு மெடலை வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பக்கத்தில் நின்ற சுபேதார் திரும்பி அத்தானின் நெஞ்சைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரோ, "மத்த ரெண்டும் சாம்பார் வச்சதுக்குக் குடுத்ததா இருக்கும்" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தேன். அத்தான் அசையாமல் விறைப்பாகவே நின்றார். மிட்டாய் கொடுக்கும்போது பார்த்தால் சட்டையில் ஒன்றும் இல்லை, குத்திய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும்.

அடுத்த வாரம்தான் நகைக்கடைப் பையோடு வந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ஒன்மேல தப்பில்ல மக்கா. புக்குல இல்லாத்தத நீ எப்பிடி எழுதுவே?" என்றார். இரவல் போன இடத்துக்காரர்கள் அவருடைய சொந்தப் படைப்பிரிவுக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை, அவ்வளவுதான் சங்கதி என்று விளக்கினார். எந்த மாதம் போனார், எந்த முகாம், அதிகாரி யார் என்று எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் மனு எழுதினேன். நல்ல மனுதான், குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டார். "பதிலு வரட்டு. அதுக்குப் பொறவு மூணையும் சேத்துக் குத்திக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனுவை நான் அனுப்பவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். பொய்யான உரிமை கேட்டு மேலிடத்துக்கு எழுதினால் வம்பு, இருக்கிற பென்ஷனுக்கும் கேடு வரும், குடும்ப மானம் போகும், கிழவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றவாவது ஒன்றாவது! சோறு பொங்கியவருக்கு எதற்கு மெடல் என்ற நினைப்புத்தான் அடியில் கிடந்தது. அவரிடம் "அனுப்பியாச்சு அத்தான்" என்றேன். 

இரண்டு வருஷம். ஞாயிறுதோறும் ஆலயப் படியில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். "மக்கா, வல்ல தாக்கலும் உண்டா?" ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்கிறார். "டெல்லிக் காரியம்லா அத்தான், பையத்தான் வரும்" என்பேன். "அது செரி, எத்தனை பேருக்குப் பாக்கணும் அவனுவளும்" என்று மேலிடத்துக்காக அவரே பரிந்து பேசுவார். இரண்டு சுதந்திர தினத்திலும் வெறும் சட்டையோடு வரிசையின் கடைசியில் நின்றார். புத்தகத்தில் இருந்த அந்த ஒன்றைக்கூடக் குத்தவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது தபால் கொண்டுவரும் பெண். ஒருநாள் என் வீட்டில் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "ஒங்க அத்தான் தெனமும் பதினோரு மணிக்கு ஜங்சன்ல எனக்காக நிக்காரு அக்கா. இல்லன்னு சொல்ல எனக்கே மனசு வரல்ல. அந்த லெட்டர் எப்பத்தான் வரும்?" என்று கேட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். பழக்கடை ஓரத்தில், குடைகூட இல்லாமல், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு நின்றுகொண்டிருந்தார். பட்டாளத்துக் கடிதத்தை வாங்குவதற்கு அப்படி நிற்க வேண்டும்போல.

உடனே மனம் திருந்தி அனுப்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் இல்லை. ‘உமக்கு அப்படி மெடல் எதுவும் கிடையாது’ என்று ஒரு கடிதம் வந்துவிட்டால் மனிதர் வீட்டில் நிழலில் உட்காருவார் என்றுதான் நினைத்தேன். நிராகரிப்பை வாங்கிக் கொடுப்பதற்காகவே அனுப்பினேன். பழைய மனுவில் பழைய தேதி இருந்தது, அந்துருண்டை வாசனை வேறு. அதை அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக டைப் செய்து, "ரிமைண்டர் அனுப்பணும் அத்தான்" என்று நீட்டினேன். இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். வாசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மறுபடி கேட்டு வாங்கி, கையெழுத்துக்குக் கீழே இந்தியில் இரண்டு வரி எழுதினார். "என்ன எழுதுதீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல மக்கா, அவனுவளுக்கு ஒரு வார்த்தை" என்றார். எனக்கு இந்தி ஓரெழுத்துத் தெரியாது. தேதியைப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

நாலே மாதத்தில் பதில் வந்தது. ஜங்சனில் வாங்கிய கடிதத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், எனக்கு ஆள் அனுப்பினார். "நீ எழுதினது, நீயே வாசி." அக்காவும், பிள்ளைகளோடு வந்திருந்த அவர்கள் மகளும் சுற்றி நின்றார்கள். இங்கிலீஷில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்த்ததில், இவர் வேறு படைப்பிரிவுடன் ஐந்து மாதம் பனிமலையில் சமையல்காரராகப் பணியாற்றியது உறுதியாகிறது. அதற்கான உத்தரவு இவருடைய ஆவணத்தில் சேராமல் விடுபட்டிருக்கிறது. இரண்டு மெடல்களும் இப்போது பதிவு செய்யப்பட்டுள்ளன. புத்தகத்தை அனுப்பினால் அதிலும் எழுதித் தரப்படும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தான் அவளைப் பார்த்து, "கேட்டியா?" என்று ஒரு சொல் சொன்னார். முப்பது வருஷத்துக்கும் மேலாக எங்கள் எல்லோரிடமும் கேட்க நினைத்ததை அந்த ஒரு சொல்லில் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் கடிதத்தின் இரண்டாவது பத்தி கண்ணில் பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மனு அனுப்பியதாகத் தாங்கள் கையெழுத்தின் கீழே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு மனு இந்த அலுவலகத்துக்கு வரவில்லை. தங்களிடமிருந்து வந்தது இந்த ஒரு மனு மட்டுமே. கீழே மனுவில் நான் போட்ட புதுத் தேதி. "பொறவு?" என்றாள் அக்கா. "அவ்வளவுதான், கையெழுத்து" என்று மடித்தேன்.

அத்தான் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியுமா? தாளின் மறுபக்கத்தில் அதே கடிதம் இந்தியில் இருந்தது. ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை மாட்டி, உதடு அசைய அசைய வாசித்தார். நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அது நின்றது. மேலே போய் மறுபடியும் அந்த வரியை வாசித்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னவாக்கும் அந்தப் பக்கம் எழுதியிருக்கு? இவ்வளவு நேரம் வாசிக்கீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இவ வாசிச்சதுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான். "பிள்ளைக்கு சாயை போட்டுக் குடு."

அந்தச் சாயையை நான் குடித்தேன். எப்படி இறங்கியதோ. அன்றைக்கே காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். இன்றைக்குவரை சொல்லவில்லை. வெட்கங்கெட்டவள்தான் நான், வேறென்ன சொல்ல. அந்த வருஷச் சுதந்திர தினத்தில் மூன்று மெடல்களையும் குத்திக்கொண்டு வந்து நின்றார். போதகர் சியாச்சின் என்று வாசித்ததும் கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. சுபேதார் முதலில் கைகொடுத்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை படியில் என்னைப் பார்த்தால் சிரிப்பார். "சொகமா இருக்கியா மக்கா?" என்பார், மரியாதையாக. அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஏதோ ஒரு படிவம். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நாலு வீடுதான். "எங்க அத்தான்?" என்று கேட்டேன். "நாகர்கோவிலுக்கு. பென்ஷன் பாரம் ஒண்ணு நிரப்பணும். அங்க டைப்பிங் சென்டர்ல ஒரு பய இருக்கான், எழுதித் தருவான்" என்றார்.

"நான் எழுதித் தரமாட்டேனா அத்தான்?"

"ஒனக்கு எதுக்கு மக்கா செரமம்?"

பஸ் வந்தது. ஏறிப் போனார்.