ஊசியும் பூரியும்

வேளாங்கண்ணியில் கொடியேறிய நாளன்று பெனிட்டா போலந்துக்கு விமானம் ஏறினாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவளை, போலந்திலிருந்த தங்கள் இன்னொரு ஆலைக்கு இரண்டு வருடம் அனுப்பிவைத்தார்கள். பெட்டி காரில் ஏறிய பிறகும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சண்டை போட்டாள்.

"மாடி ரூமையெல்லாம் காலி பண்ணச் சொல்லிட்டு, வூட்டைப் பூட்டினு அண்ணன்கூடக் குன்றத்தூர் போயிடும்மா. தனியா இருக்காத."

"இன்னாடி தனி? மேல ஒன்பது பொண்ணுங்க கீதுங்க."

"அதுங்க மூணு ஷிப்ட். எப்ப யாரு இருப்பாங்கன்னு உனக்கே தெரியாது. ஒரு நல்ல நாயாச்சும் வெச்சுக்கோ. கிறிஸ்மஸுக்குள்ள நாய் இல்லேன்னா குன்றத்தூர்தான், சொல்லிட்டேன்."

அன்னபுஷ்பம் மகளுக்காக அழ ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு நாயைப் பற்றி யோசிக்கத் தொடங்கினாள்.

படப்பை தாண்டி, பிளாட் போட்ட நிலங்களுக்கு நடுவே இருந்தது வீடு. கணவர் யேசுராஜ் கட்டியது கீழ்த்தளம். அவர் போன பிறகு அன்னபுஷ்பம் கட்டியது மாடி. தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். எந்நேரமும் ஒருத்தி குளிப்பாள், ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி வாயில் கிளிப்பைக் கவ்வியபடி பஸ்ஸுக்கு ஓடுவாள். அந்தக் களேபரம் இல்லாமல் அன்னபுஷ்பத்துக்குச் சோறு இறங்காது. மகன் ஃபிரடியின் குன்றத்தூர் வீடு மூன்றாவது மாடி. அங்கே இரண்டு நாள் இருந்தாலே, சோபா மீது வைத்த ரிமோட்டைப் போல ஆகிவிடுவாள்.

நாய் என்றதும் வீடு இரண்டு கட்சியானது.

"லாப்ரடார்தாம்மா. சாதுவா இருக்கும்" என்றான் ஃபிரடி. அவன் நண்பன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதால் ஒன்று சும்மாவே கிடைப்பதாக இருந்தது.

"சாதுவான நாய் எதுக்குண்ணே? அதுக்கு ஒரு தலைகாணி வாங்கிப் போடலாமே" என்றாள் மாடியிலிருந்த சந்தனமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். "எங்க மாமா வீட்ல சிப்பிப்பாறை இருக்கு. ஒரு வீட்டுச் சோறு தின்னுச்சுன்னா அந்த வீட்டுக்குத்தான் நிக்கும்."

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

லாப்ரடார் முதலில் வந்தது. பிஸ்கட் நிறம், அகன்ற முகம். வந்த அன்றே ஒன்பது பேர் மடியிலும் ஒரு சுற்றுப் படுத்து எழுந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் அதன் முகத்தைப் பார்த்து, பாவம், பட்டினி என்று தயிர்சாதம் வைத்தாள். மதிய ஷிப்ட்காரி முட்டை வைத்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் இட்லி. இடையில் அன்னபுஷ்பம் வேறு. கம்பெனி லைனில் ஒவ்வொரு போல்ட்டையும் அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டு வரும் பெண்கள், நாய் சாப்பிட்டதை மட்டும் சொல்ல மறந்தார்கள். நாயும் சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் அதற்குப் பூரி என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒருநாள் நில புரோக்கர் காசிராஜன் வந்தார். வீட்டை விற்கச் சொல்லி வாராவாரம் வருகிறவர். பூரி கேட்டிலேயே அவருக்குக் கை கொடுத்து, அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு உள்ளே அழைத்து வந்தது.

"பார்த்தியாம்மா, நாய்க்கே என்மேல பாசம். உனக்குத்தான் இல்ல" என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அன்றே பூரி ஃபிரடியின் குன்றத்தூர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. சந்தனமாரியின் மாமா ஒரு வேனில் சிப்பிப்பாறையைக் கொண்டுவந்து இறக்கினார். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு. வெயிலில் நின்றால் நிழல்கூட மெலிசாக விழுந்தது. ஊசி என்று அழைத்தார்கள். யார் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சந்தனமாரி வைத்தால் மட்டும் தின்றது.

மூன்றாம் நாள் மதியம் கம்பெனி பஸ் டிரைவர் கலைமணி போன் செய்தார்.

"அக்கா, உங்க வூட்டு ஆளு ஒண்ணு ஐடி கார்டு இல்லாம பஸ்ல ஏறிக்கீது."

"யாருப்பா?"

"நாலு காலு. பின்னாலயே ஓடியாந்துச்சு. எவளோ லேட்டா வர்றான்னு நெனைச்சு நிறுத்திக் கதவத் தொறந்தேன். நேரா போயி சந்தனமாரி பக்கத்து சீட்ல குந்திக்கினுகீது."

வீடே சிரித்தது. ஃபிரடி மட்டும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "இது உன் நாய் இல்லம்மா, அவ நாய். நாளைக்கு அவ கல்யாணமாகிப் போயிட்டா இதுவும் வேன் ஏறிடும். அப்புறம் யாரு காவல்? பேசாம எங்கூட வந்துடு."

அன்னபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் பொய் இல்லை.

சந்தனமாரிதான் வழி சொன்னாள். "இனிமே நான் இதத் தொட மாட்டேம்மா. சோறும் நீங்கதான், ஓட்டமும் நீங்கதான்."

"நானு ஓடுறதா? எம் முட்டிய பார்த்தியாடி?"

"நீங்க எதுக்கு ஓடணும்? நீங்க நின்னாப் போதும். அது ஓடும்."

வீடே வராத பிளாட்டுகளில் விடியற்காலையில் அன்னபுஷ்பம் ஊசியின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கல் நட்டு, தார்ரோடு போட்டு, ஆளில்லாமல் கிடந்த அத்தனை மனைகளும் ஊசிக்காகவே வாங்கிப் போட்டவை போல இருந்தன. ஆனால் ஓடி முடித்ததும் அது நேரே சந்தனமாரியின் மாடிப்படிக்கே போனது. சோற்றை இரண்டு நாள் முகர்ந்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் தின்றது. அன்னபுஷ்பம் விடவில்லை. பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு காலையில் நைட் ஷிப்ட் பஸ் அந்த வழியாகத் திரும்பியது. ஜன்னலோரம் சந்தனமாரி. ஊசி காதை நிமிர்த்தியது. பஸ்ஸை நோக்கி அம்பு போலப் பாய்ந்தது. அன்னபுஷ்பம் கூப்பிடவில்லை. பாதி மனை தாண்டியதும் அது நின்றது. போகும் பஸ்ஸைப் பார்த்தது. பிறகு திரும்பி, போன வேகத்திலேயே வந்து, இரைக்க இரைக்க அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது.

"என் ராஜா! ஏசப்பா தந்த ராஜா!" என்று அவள் போட்ட சத்தம் பஸ்ஸுக்கே கேட்டதாகச் சந்தனமாரி பிறகு சொன்னாள்.

அடுத்த முறை காசிராஜன் வந்தபோது ஊசி குரைக்கவேயில்லை. கேட்டுக்கு உள்ளே நின்று, கண் இமைக்காமல் பார்த்தது. அவர் வெளியே நின்றபடியே வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஃபிரடி வந்து கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். அதற்குள் அவன் பிள்ளைகள் பூரியைத் தங்கள் கட்டிலில் படுக்கவைக்கப் பழகியிருந்தார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அது லிஃப்ட் வரை வந்து கை கொடுத்துக்கொண்டிருந்தது.

"குன்றத்தூருக்கு ஒருத்தர் வந்தே ஆவணும்னீங்களே, அண்ணனும் தங்கச்சியும். அதான் பூரி வந்துட்டானே, அவனை வெச்சுக்க. சோறு மட்டும் ஒரு ஆளு போடுங்கடா" என்றாள் அன்னபுஷ்பம்.

போனில் ஊசியின் படத்தைப் பார்த்த பெனிட்டா, "இதுவா நாய்? எக்ஸ்ரே மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு குன்றத்தூர்ப் பேச்சை அவள் எடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மறு வருடம் கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் தொடங்கியிருந்த ஒரு நாள், ஊசிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அன்னபுஷ்பத்தின் போன் ஒலித்தது. இடது கையால் எடுத்து மெசேஜைப் படித்தாள்.

"அம்மா, கிறிஸ்மஸுக்கு லீவு கிடைச்சிடுச்சு, வர்றேன். எனக்காக எந்தப் பொண்ணையும் ரூம் காலி பண்ணச் சொல்லாத, உன்கூடவே படுத்துக்கிறேன். பீரோ கீழ்த்தட்டுல என் பழைய சுடிதார் இருக்கும். அதை எடுத்து ஊசிக்குப் படுக்கப் போட்டு வை, என் வாசனை பழகட்டும். நம்ம வூட்டு கேட்ல என்னை நிக்க வெச்சிடப் போறான்."