பதினேழாம் எண் இடம்

பழைய சந்தைக் கட்டடத்தின் சுவரில் ஆவுடைத்தாயின் முகம் எட்டடி உயரத்துக்கு இருந்தது. நெற்றியில் திருநீறு, கையில் இலை நறுக்கும் கத்தி, வாயோரம் ஒரு சிரிப்பு. அந்தப் படத்துக்குக் கீழே, வாசற்படியில், வாழையிலைக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு அதே ஆவுடைத்தாய் நின்றிருந்தாள். காவலாளி மறித்துவிட்டான்.

காவலாளி பிச்சைக்கண்ணு. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இதே கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் விற்றவன்.

“எக்கா, கட்டோட உள்ள போகப்படாது. தரை நனையுமாம்.”

“ஏலே, இன்னைக்குத் தெறப்புவிழாச் சாப்பாட்டுக்கு எலை கேட்டதே அவியதான?”

“பின்வாசல் வழியா வரச் சொல்லுதாவ.”

“செவுத்துல சிரிக்கவளுக்கு முன்வாசல். எலை சுமக்கவளுக்குப் பின்வாசலா?”

பிச்சைக்கண்ணு தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “என்ட்ட கேட்டு என்ன செய்ய? யூனிபாரம் குடுத்தாவ, போட்டுக்கிட்டேன். வெங்காய வாடைதான் போகமாட்டேங்கு.”

ஐப்பசி மாதம். மேற்கே வானம் கறுத்திருந்தது. அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள்.

கல்யாணமான மறுமாதம் அவள் இந்தக் கூடத்துக்கு வந்தாள். மாமியாரின் இடம், எண் பதினேழு. யாரும் கேட்காத இடம். கூடத்தின் கல்தரை நான்கு பக்கமிருந்தும் அதை நோக்கித்தான் சாய்ந்திருக்கும். கீரைக்குத் தெளித்த தண்ணீர், மீன்கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர், மழைநாளில் கிழக்குத் தெருவிலிருந்து புகும் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து ஒரு கல் ஓட்டைக்குள் இறங்கும். மடை என்பார்கள். நாறுகிறது என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் இலைக்கட்டுகள் அந்த ஈரத்தில் சாயங்காலம்வரை வாடாமல் கிடந்தன. அதற்கு அவள் தினமும் தோள்வரை கையை விட்டு மடையில் அடைத்த சருகையும் குப்பையையும் இழுத்துப் போட்டாள். முப்பத்தாறு வருஷம். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பிறகு ஸ்ரீராகவ் வந்தான். கட்டடங்களைப் புதுப்பிக்கும் கலைஞன். ஆற்றங்கரை அக்ரகாரத்துக் குடும்பம், படிப்பும் வேலையும் பெங்களூர். ஈரத்தரையில் அவளுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினான்; அதனால்தான் அவள் நம்பினாள். கட்டடம் இடியாமல் நிற்கும், பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஊருக்கு ஒரு கூடம் கிடைக்கும், வியாபாரிகள் எல்லாருக்கும் திரும்ப இடம் உண்டு என்றான். அப்படி எழுதித் துண்டுச்சீட்டும் கொடுத்தார்கள். தரையை அளந்துவிட்டு, “நடுவுல ஒன்பது அங்குலம் இறங்கியிருக்கும்மா. அஸ்திவாரம் அமுங்கிடுச்சு” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அமுங்கலய்யா. இந்த மடைக்குச் சாய்ச்சுத்தான் கெட்டியிருக்காவ. தரை சாஞ்சாத்தான தண்ணி ஓடும்?”

“ரொம்ப அழகாச் சொன்னீங்க. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, வெளிச்சம் சரியில்ல.”

மூன்று தடவை சொன்னாள். மூன்றையும் படம் பிடித்தான். சுவரில் இருப்பது அந்தச் சிரிப்பு.

வியாபாரிகளைப் புறவழிச்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் என்றது இரண்டு வருஷமானது. பத்து மணிக்கே இலை சுருண்டது. கடைசியில் கூடத்தை நடத்தும் குழுவின் புதுப் பட்டியல் வந்தது: காப்பிக் கடை, கைவினைக் கடை, புத்தகக் கடை. ஈரச்சரக்குக்கு இடமில்லை. துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு நான்கு தடவை அலுவலகம் போனாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

இப்போது பின்வாசல் வழியாக உள்ளே வந்தவளுக்கு இடம் தெரியவில்லை. தரை கருங்கல் பளபளப்பில், மட்டமாக இருந்தது. தூண்களை எண்ணிப் பார்த்தாள். பதினேழாம் எண்ணுக்கு மேல் மரமேடை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டிவி. அதில் அவள் வாய் அசைந்தது. உள்ளே வந்த பிச்சைக்கண்ணு, காதில் மாட்டும் கருவியை எடுத்து அவள் காதில் வைத்தான். ‘தரை சாஞ்சாத்தான தண்ணி ஓடும்?’ கீழே எழுதியிருந்ததை அவனே வாசித்தான்: சந்தையின் குரல்கள்.

மழை பிடித்தது. வழக்கம்போலக் கிழக்கு வாசல் வழியாகத் தெருத்தண்ணீர் உள்ளே வந்தது. போக வழி தெரியாமல் கணுக்கால்வரை நின்றது. விருந்தினர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். நனைந்த கால்சட்டையோடு ஸ்ரீராகவ் ஓடி வந்தான்.

“அம்மா, அந்த மடை எங்க இருந்துச்சு? வரைபடத்துல இல்ல.”

“டிவியில இருக்கே. மூணு தடவ சொல்லியிருக்கேன்.”

அவன் தலை குனிந்தான். “தப்புதாம்மா.”

“எனக்கு எடம் இல்லன்னு எழுதிப் போட்டாவ. மடை என் எடத்துலதான் இருந்துது. இல்லாத எடத்துல எங்கன போய்த் தேட?”

“நான் எழுதலம்மா. குழு எழுதினது.”

“அப்பம் குழுவை வந்து கைய விடச் சொல்லுங்க.”

அவள் இலைக்கட்டைத் தூக்கினாள். போகப்போகிறாள் என்று நினைத்தார்கள். மேடைமேல் ஏறி நடுவில் வைத்தாள்.

“இதுக்கு அடியில. உடைச்சா அந்த எடத்துல நான்தான் இருப்பேன். மூட வந்தா எந்திரிக்க மாட்டேன். சம்மதம்னா கடப்பாரை கொண்டு வரச் சொல்லுங்க.”

ஸ்ரீராகவ் குழுவினர் பக்கம் திரும்பவில்லை. “உடைங்க” என்றான்.

பிச்சைக்கண்ணு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். பலகை பெயர்ந்தது, கருங்கல் பெயர்ந்தது. ஆவுடைத்தாய் சேலையைச் செருகிக்கொண்டு தோள்வரை கையை விட்டாள். ஒரு சிமெண்டுச் சாக்கு, இன்னொரு சாக்கு, கொத்தனாரின் கிழிந்த கையுறை. தண்ணீர் இரைச்சலோடு இறங்கத் தொடங்கியது. நாற்காலிமேல் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“எதுக்குலே கைதட்டுதாவ? கூத்தா நடக்கு இங்கன?” என்றாள்.

மேடையை மேற்குச் சுவருக்கு நகர்த்திவிட்டார்கள். தரை இன்னும் மட்டமாகத்தான் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீரைத் துடைப்பத்தால் மடைக்குத் தள்ளுவது அவள்தான். தினமும் முன்வாசல் வழியாகக் கட்டோடு வந்து மடையோரம் உட்காருகிறாள்.

தை மாதம் குழுவின் கடிதம் வந்தது. பிச்சைக்கண்ணு வாசித்தான். நேரடிச் செயல்விளக்கக் கலைஞர் என்ற முறையில் அவள் அங்கே அமர்ந்து இலை நறுக்கலாம், விற்பனை கூடாது.

“இன்னொரு தடவ வாசி.”

வாசித்தான். “விக்கப்படாதாம், எக்கா. வித்தா ஒன்னிய எழுப்பச் சொல்லி எனக்கும் உத்தரவு.”

“கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமப் பூசைக்கு எலை வாங்க ரெண்டு பேரு நிக்காவ. பைய தள்ளி நில்லு, நீ அவியள மறைக்கே.”