குங்குமம் வைத்த பிளாப்பி

ஆயுத பூஜை முடிந்த வாரம். செங்கம் ரோட்டில் இருந்த என் கம்ப்யூட்டர் சென்டருக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். அவருடைய ஆய்வேட்டை நான்தான் டைப் செய்திருந்தேன். அன்றே அதை மெட்ராஸில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

படங்களோடு அது ஒரே பிளாப்பியில் அடங்காது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, கோப்புகளைச் சுருக்கி, மூன்று பிளாப்பிகளில் ஏற்றினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் கம்மி. அதனால், சுருக்கியதும் மூலத்தை அழித்துவிடும் கட்டளையைக் கொடுத்திருந்தேன். பிறகுதான் சரிபார்த்தேன். மூன்றாவது பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்றது திரை.

பிளாப்பியை எடுத்து மறுபடி செருகினேன்.

"ஆயிடுச்சாங்க?" என்றார்.

"ஆயிட்டிருக்குங்க."

மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். டிரைவ் கரகரத்துக் கரகரத்து நின்றது. பஸ் நேரம் நெருங்கியது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"மூணாவது படிக்கலீங்க. ஒரிஜினலையும் அழிச்சுட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. பிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, குங்குமமா?"

பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு பிளாப்பிகளுக்கும் வைத்திருந்தேன். பழகிய பொட்டு, என் கண்ணில் படவே இல்லை. தகட்டு மூடியை விலக்கினால் உள்ளேயும் சிவப்புத் தூள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முந்தானை நுனியால் அவரே துடைத்தார்.

இந்த முறை டிரைவ் நிற்காமல் ஓடியது.

"முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே பாத்திருப்பேனே!" என்றபடி பஸ்ஸுக்கு ஓடினார்.

இன்றும் பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன். ஆனால் யாரிடமாவது "ஆயிட்டிருக்கு" என்று சொல்ல வாயெடுத்தால், அந்தக் கரகரப்பு காதில் கேட்கிறது.